அண்ணனின் இருமல்

என் அண்ணன் தனேஸ்வரன் எந்த மூலையைத் திரும்பும்போதும் ஒரு தடவை இருமுவார். சளி இருமல் அல்ல. தொண்டைக்கு அடியிலிருந்து கனமாக எழும் ஒற்றை இருமல். பாதை வளையும் இடத்தில், புதர் மறைக்கும் இடத்தில், பாலத்தை விட்டு இறங்கும் இடத்தில் அது தானாக வந்துவிடும். குளியலறைக் கதவைத் திறக்கும் முன்பும் இருமுவார். கிளினிக்கில் நம்பர் கூப்பிட்டால் டாக்டர் அறைக்குள் நுழையும் முன்பும் இருமுவார். ஒருமுறை சுங்கை சிப்புட் சூப்பர்மார்க்கெட்டில் சாமான் அடுக்கின் முனையில் திரும்பும்போது இருமினார். அந்தப் பக்கம் நின்ற சீனப் பெண்மணி பயந்துபோய் கையிலிருந்த பால் டின்னைக் கீழே போட்டுவிட்டார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

ஏழாங்கட்டைத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்கள், எல்லோருக்கும் ஒரு காலத்தில் இந்தப் பழக்கம் இருந்தது. காட்டை ஒட்டிய மர நிரைகளுக்கு இருட்டோடு போக வேண்டும். யானை மனிதரைத் திடீரென்று எதிரில் கண்டால்தான் மிரளும். ஆள் வருவது முன்கூட்டியே தெரிந்தால் ஒதுங்கிக்கொள்ளும். அதனால் ஆண்கள் வளைவுக்கு வளைவு இருமுவார்கள், பெண்கள் தகர வாளியைத் தட்டுவார்கள். யானை என்ற சொல்லை அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். பெரியவர் என்றுதான் சொல்வார்கள். பேரைச் சொன்னால் கூப்பிட்டதாக நினைத்து வந்துவிடும் என்று பயம். பிறகு தோட்டம் கைமாறியது. பாதி எண்ணெய்ச் செம்பனையானது, பாதி டுரியான் பழத்தோப்பானது. நாங்கள் எல்லோரும் சாலையோரத்துத் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு வந்துவிட்டோம். மற்றவர்களுடைய இருமல் அத்தோடு போயிற்று. அண்ணனுடையது போகவில்லை.

அண்ணி பூமணி மட்டும் மரம் வெட்டுவதை விடவில்லை. ஆற்றோரத்தில் தாவ்கே என்று நாங்கள் சொல்லும் சீன முதலாளி ஒருவருக்குக் கொஞ்சம் ரப்பர் மரங்கள் மிச்சம் இருந்தன. அவற்றை அண்ணிதான் வெட்டினார். அண்ணன் செம்பனைக்கு மருந்தடிக்கும் வேலை பார்த்தார். ஆனாலும் காலையில் அண்ணியை மரம் வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் தன் வேலைக்குப் போவார். முன்னால் அண்ணன் இருமிக்கொண்டு போவார், பின்னால் அண்ணி பேசாமல் போவார். அண்ணியின் வாளி பிளாஸ்டிக். தட்டினால் சத்தம் வராது.

மேலே காட்டை வெட்டி டுரியான் வைத்த பிறகு பெரியவர்கள் ஆற்றோரத்துக்கு இறங்கி வர ஆரம்பித்தார்கள். வாழைகள் சாய்ந்தன. ஒரு நாள் மருந்தடிக்கும் இந்தோனேசியத் தொழிலாளி ஒருவரை ஒரு பெரியவர் விரட்டினார். அந்த ஆள் கால்வாயில் விழுந்து தப்பினார். அன்றிலிருந்து அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை.

“நிறுத்திரு பூமணி. நாளைலேருந்து போகாத.”

“நின்னுட்டு?”

“வீட்டுல இரு.”

“ஒங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டா? அதுக்குப் பெரியவரே தேவல.”

அண்ணி அப்படித்தான் பேசுவார். சிரித்துவிட்டு மறுநாளும் உளியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அந்தச் சமயத்தில்தான் மாதுமை வந்தார். காட்டு விலங்குகளை ஆராயும் குழு ஒன்று ஈப்போவில் இருந்தது. அதில் வேலை செய்பவர். அவருடைய குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பல தலைமுறை ஆகிவிட்டது என்றாலும் பேச்சில் அந்த இழுப்பு இருந்தது. ஜைனுலாப்தீன் பாயின் சாப்பாட்டுக் கடையில் மேசைமேல் ஒரு சின்னப் பெட்டியை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் விளக்கினார். அண்ணன் வீட்டில் இருக்கும் நான் அந்தக் கடையில் வெங்காயம் உரிப்பவள். தடுப்புக்குப் பின்னால் இருந்து கேட்டேன்.

“ஏ.ஐ.னு சொல்றீங்களே மிஸ், யாரையோ ஏய்னு கூப்புடுற மாதிரில்ல இருக்கு” என்றார் பாய்.

“அப்பிடியே வச்சுக்கொள்ளுங்கோ. இது ஒரு காது. மரத்தில கட்டிவிட்டா நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். யானைச் சத்தம் வந்தா…”

“பெரியவர்” என்றார் அண்ணன்.

“சரி அண்ணே. பெரியவற்ற சத்தம் வந்தா உங்கட போனுக்கு உடனே செய்தி வரும்.”

“பன்னி கத்துனா?”

“பன்றி வேற, குரங்கு வேற, மழை வேற எண்டு அதுக்குப் பழக்கிக் குடுத்திருக்கிறம். அது பிடிச்சுத் தாற சத்தங்களை ஈப்போவில நாங்களும் ஒருக்காக் கேட்டுப் பாப்பம். பிழை விட்டிருந்தா திருத்துவம்.”

லோரி ஓட்டும் தர்மா தே தாரே டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். “எம் பொண்டாட்டி ஏசுறதும் கேக்குமா மிஸ்?”

“கேக்கும். ஆனா அது மனுசச் சத்தம் எண்டு தள்ளி வச்சிடும்.”

“குடுத்து வச்ச மிஷின் லா!”

கடையே சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஆத்தோரத்து ரப்பர் மரத்துக்குக் கிட்ட ஒண்ணு கட்டுவீங்களா மிஸ்?” என்று கேட்டார். அது ஒன்றுதான் அவர் கேட்டது. பெட்டிகளைக் கட்டவும் பேட்டரி மாற்றவும் உள்ளூர் ஆள் வேண்டும் என்று மாதுமை சொன்னதும் மருந்தடிக்கும் வேலையை விட்டுவிட்டுச் சேர்ந்துகொண்டார்.

முதலில் வந்த செய்திகள் மலாயில் ‘கஜா’ என்று வந்தன. “பாத்தியா, இந்தப் போனு பேரைச் சொல்லியே கூப்புடுது” என்று அண்ணி முகத்தைச் சுளித்தார். அண்ணன் அதை மாதுமையிடம் சொன்னார். மறுவாரமே எங்கள் போன்களுக்கு ‘பெரியவர் ஆற்றோரம்’ என்று தமிழில் வந்தது. அந்த மாதிரி நல்ல மனுஷி அவர்.

ஆனால் ஒரு தொல்லை வந்தது. பெரியவர் வந்ததாகப் போன் அடிக்கும். எல்லோரும் மோட்டார் சைக்கிளை வீட்டுக்குத் திருப்பிவிடுவார்கள். பிறகு போய்ப் பார்த்தால் அங்கே அண்ணன் நின்று பேட்டரி மாற்றிக்கொண்டிருப்பார். அண்ணனுடைய இருமலைத்தான் பெட்டி பெரியவர் என்று எடுத்துக்கொண்டிருந்தது. பெரியவர்கள் மூச்சை வெடுக்கென்று வெளியே தள்ளும்போது ஒரு சத்தம் வருமாம். அதுவும் இதுவும் அந்த மிஷினுக்கு ஒன்றாகக் கேட்டிருக்கிறது.

“தனேசு, ஒன்னையும் அந்தக் கூட்டத்துல சேத்துட்டாங்க. இனிமே ரொட்டி வேணாம், கரும்புதான் போடணும்” என்றார் பாய்.

அண்ணிக்கு இது பெரிய வேடிக்கை. “எம் புருசன் எங்க இருக்காருன்னு நான் யாரையும் கேக்க வேணாம். போனே சொல்லுது” என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

தர்மா சிரிக்கவில்லை. “சுசா லா, பெரிய தொல்ல மச்சான். ஒன் இருமலுக்கெல்லாம் நான் லோரிய திருப்பிக்கிட்டு இருக்க முடியுமா?” என்று சொல்லிவிட்டு எல்லோர் முன்னாலும் போனில் அந்தச் செய்தியின் சத்தத்தை அணைத்தார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் அணைத்தார்கள். அண்ணன் பயந்தது இதற்குத்தான். செய்தி வந்தும் யாரும் பார்க்காவிட்டால் பெட்டி இருந்தும் இல்லாத கதைதான். இருமாமல் நடந்து பார்த்தார். முடியவில்லை.

“மூல வந்தா தானா வருது மிஸ். நான் வேணா வேலைய விட்டுடட்டா?”

மாதுமை எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சொன்னார்.

“உங்களை நிப்பாட்டச் சொல்ல எனக்கு மனம் வரேல்ல அண்ணே. அந்த இருமல்தான் இவ்வளவு காலமும் உங்களைக் காப்பாத்தினது. நீங்கள் மாற வேண்டாம். மிஷின் உங்களைப் பழகட்டும்.”

அதற்கு அண்ணனின் இருமலை நிறையப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. மாதுமை ஒரு பெட்டியை நீட்டி, “இருமுங்கோ அண்ணே” என்றார். அண்ணன் வாயைத் திறந்தார். வரவில்லை. இன்னொரு தடவை முயன்றார். நாய் தும்முவது போல ஏதோ வந்தது.

“மூல இல்லாம எப்படி மிஸ் இருமுறது?”

கடைசியில் வீட்டைச் சுற்றி நடந்தார்கள். முன்னால் அண்ணன், பின்னால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மாதுமை. வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் அண்ணன் இருமினார். சுற்றிச் சுற்றி வந்தார்கள். சமையலறை சன்னல் வழியாக அண்ணி பார்த்துச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, தாளிப்பைக் கருக்கிவிட்டார். “இன்னொரு ரவுண்டு போங்க, வீட்டப் பிடிச்ச காத்து கருப்பெல்லாம் ஓடிரும்” என்று கத்தினார். நான் அவரை அவ்வளவு சந்தோஷமாக அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அந்தச் சத்தங்களை மாதுமை கணினிக்குப் போட்டுப் பழக்கினார். அந்த வகைக்கு ‘தனேஸ்’ என்று பேர் வைத்தார். அந்தச் சத்தம் கேட்டால் செய்தி போகாது. ஈப்போவில் உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கும் போகாது. தனியாக ஒரு பக்கம் போய்ச் சேர்ந்துவிடும். தினமும் அத்தனை இருமலையும் கேட்டுக்கொண்டிருக்க யாருக்கு நேரம் இருக்கிறது? நியாயமாகத்தான் இருந்தது. அண்ணனுக்குப் பெருமைகூட. “காட்டுல பேரு வச்ச ஒரே ஆளு நான்தான்” என்று கடையில் சொல்லிக்கொண்டார்.

அதன்பின் பெட்டிகள் நன்றாக வேலை செய்தன. அதையும் சொல்ல வேண்டும். ஒரு மழைக்காலத்தில் செய்தி வந்தது, யாரும் ஆற்றோரம் போகவில்லை. பெரியவர்கள் கூட்டமாக வந்து தாவ்கேவின் சாமான் கொட்டகையைச் சாய்த்துவிட்டுப் போன தடத்தை மறுநாள் பார்த்தோம். தர்மாகூடப் போன் சத்தத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டார். அண்ணிக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. அண்ணன் வேறு பக்கம் பேட்டரி மாற்றப் போகும் நாட்களில் தனியாகவே மரத்துக்குப் போனார். போனை ரவிக்கைக்குள் வைத்துக்கொள்வார். அடிக்கவில்லை என்றால் பயமில்லை. அண்ணன் வேலை முடிந்து, பால் எடுக்கும் நேரத்துக்கு வாளி தூக்க வந்துவிடுவார். மூங்கில் வளைவில் அவர் இருமல் கேட்டதும் அண்ணி பால் வடியும் மங்குகளைக் கவிழ்த்துவிட்டு எழுந்துவிடுவாராம்.

அன்று அண்ணனை ஈப்போ அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். சந்தேகமான சத்தங்களைக் கேட்டுப் பிரிக்க உள்ளூர்க் காதும் வேண்டும் என்று மாதுமை விரும்பினார். அண்ணன் கோயிலுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “சீக்கிரம் முடிஞ்சா நேரா மரத்துக்கு வாரேன். வாளிய நீ தூக்காத, இடுப்பு வலிக்குதுன்னு ராத்திரி பொலம்பாத” என்றார்.

“வாங்க வாங்க. தொரை மாதிரி சட்டையில பால ஊத்தி அனுப்புறேன்.”

அவர்கள் பேசிக்கொண்டதை நான் துணி உலர்த்தியபடி கேட்டேன்.

முற்பகலில் செம்பனையில் வேலை செய்த இந்தோனேசியர்கள் அண்ணியைத் தார்ப்பாயில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கன்றோடு நின்ற தாய் யானை. அது தள்ளியதில் கால்வாய் விளிம்பில் விழுந்திருக்கிறார். இடுப்பின்மேல் ஒரு கால் பட்டிருக்கிறது. ஒரே ஒரு கால், ஒரே ஒரு தடவை. பிறகு கன்றைக் கூட்டிக்கொண்டு அது போய்விட்டதாம். அண்ணியின் ரவிக்கைக்குள் இருந்த போன் உடையவில்லை. அதில் எந்தச் செய்தியும் இல்லை. என்னுடையதிலும் இல்லை. யாருடையதிலும் இல்லை.

ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் அண்ணிக்கு நினைவு வந்து பேச முடிந்தபோது அண்ணன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கால்மாட்டில் இருந்தேன்.

“போனு அடிக்கலியா பூமணி?”

“இல்ல.”

“சத்தம் ஏதும் கேக்கலியா? கிளை ஒடியுற சத்தம்?”

அண்ணி அவரைப் பார்த்தார். “கேட்டுச்சு” என்றார். “மூங்கில் வளைவுல நீங்க இருமுன மாதிரி கேட்டுச்சு. சீக்கிரம் வந்துட்டீங்கன்னு நெனச்சேன். வந்துட்டீங்களான்னு கேட்டுக்கிட்டே நாந்தான் எந்திரிச்சுப் போனேன்.”

அண்ணன் கட்டிலிலிருந்து கையை எடுத்துவிட்டார்.  அண்ணி குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் சொன்ன பிறகு அது சொல்லாததாக ஆகாது.

சில நாள் கழித்து மாதுமை வந்தார். முகம் வீங்கியிருந்தது. அண்ணன் அவரை ஏசவில்லை. “அன்னிக்குப் பெட்டி என்ன கேட்டுச்சுன்னு எனக்குக் கேக்கணும் மிஸ்” என்றார். வேண்டாம் என்று மாதுமை சொல்லிப் பார்த்தார். அண்ணன் விடவில்லை. ஆஸ்பத்திரி உணவுக்கடையின் ஓரத்து மேசையில் மடிக்கணினியைத் திறந்தார். ‘தனேஸ்’ என்ற பக்கத்தில் நிறையச் சத்தங்கள் வரிசையாக இருந்தன. அன்றைய தேதியில் ஆற்றோரப் பெட்டியிலிருந்து வந்தது ஒன்றுதான்.

அண்ணன் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டார். திரும்பக் கேட்டார். பிறகு காதிலிருந்து கழற்றி மேசைமேல் மெதுவாக வைத்தார்.

“நான்தான்” என்றார்.

“இல்லை அண்ணே, நீங்கள் அந்த நேரம் எனக்குப் பக்கத்திலதானே இருந்தனீங்கள்.”

“அது தெரியும் மிஸ். கேட்டா நான்தான்.”

மாதுமை அழுதார். அந்தச் சத்தம் வந்த நேரத்தில் அண்ணன் அதே கணினிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். தனேஸ் ஆற்றோரத்தில் இருப்பதாக அது குறித்துக்கொண்டபோது தனேஸ் ஈப்போவில் அதன் எதிரிலேயே காபி குடித்துக்கொண்டிருந்தார். யாராவது அந்தப் பக்கத்தைத் திறந்திருந்தால் தெரிந்திருக்கும். திறக்க வேண்டியதில்லை என்பதற்காகத்தான் அந்தப் பக்கமே இருந்தது. நானும் வாங்கிக் கேட்டேன். பிறந்ததிலிருந்து அந்த இருமலைக் கேட்டு வளர்ந்தவள் நான். எனக்கும் அது அண்ணன்தான்.

அண்ணன் அன்று ஆஸ்பத்திரி நடைபாதையில் திரும்பும்போது நான் பின்னால் போனேன். முதல் மூலை வந்தது. அவர் தோள்கள் ஏறின, இருமல் வரப்போகிறவருக்கு ஏறுவது போல. வாயைக் கையால் பொத்திக்கொண்டார். கை எடுக்காமலே வார்டு வரை நடந்தார். அதன் பிறகு பொத்தத் தேவையில்லாமல் போய்விட்டது.

கணினியிலிருந்து ‘தனேஸ்’ என்ற வகையை மாதுமை எடுத்துவிட்டார். இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கக் கற்றுக்கொடுக்கலாம், அதற்குப் புதிதாகக் கொஞ்சம் இருமல் வேண்டும் என்று தயங்கித் தயங்கி ஒருநாள் கேட்டார். அண்ணன் முகம் கோணாமல் எழுந்தார். முன்போலவே வீட்டைச் சுற்றி நடந்தார்கள். முன்மூலை, பின்மூலை, கோழிக்கூண்டு மூலை. மாதுமை பெட்டியைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனார். அண்ணனின் செருப்புச் சத்தம் மட்டும்தான் பதிவானது. சமையலறை சன்னலில் நான் நின்றேன். “போதும் அண்ணே” என்று மாதுமைதான் நிறுத்தினார்.

அண்ணன் மகன் பவித்ரன் தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் இருக்கிறான். வந்து கூப்பிட்டான். “இங்க என்னாப்பா இருக்கு ஒங்களுக்கு? ரெண்டு பேரும் எங்கூட வந்துருங்க.” அண்ணன் போகவில்லை. பேட்டரி மாற்ற ஆள் இல்லை என்றார்.

இப்போது நிலைமை இதுதான். பெட்டிகள் மரங்களில் இருக்கின்றன. அண்ணன்தான் பார்த்துக்கொள்கிறார். இருமாமல் போய் இருமாமல் வருகிறார். பெட்டிக்குச் சந்தேகம் தட்டும் எல்லாச் சத்தத்தையும் ஈப்போவில் ஒருவர் கேட்ட பிறகுதான் செய்தி வருகிறது. அதனால் சில சமயம் பெரியவர் போன பிறகு வருகிறது. தர்மா மறுபடியும் போன் சத்தத்தை அணைத்துவிட்டார். தாவ்கேவின் மரங்களை யாரும் வெட்டுவதில்லை. அண்ணி பின்னறையில் படுத்திருக்கிறார். பிடித்துக்கொண்டால் உட்காருவார், நடக்க மாட்டார். அவர் படுக்கையிலிருந்து வாசல் தெரியாது. கதவு திறக்கும் சத்தம் கேட்டால் ஒவ்வொரு முறையும், “யாரு?” என்று கேட்கிறார். அண்ணன், “நான்தான்” என்று சொல்கிறார்.